நம்ம ஊர் ஜவுளிக்கடை தி.நகர் போன கதை

கேள்வி, 6.8.2023

"தி.நகர் பெரிய கடைக்காரங்க எல்லாருமே திருநெல்வேலிக்காரங்கதான்னு எங்க தாத்தா சொல்வார். துணி, பாத்திரம், நகை எல்லாம் ஒரே கட்டடத்துல விக்கிற கடை ரங்கநாதன் தெருவுலதான் பிறந்துச்சா? நம்ம ஊர்ல தொடங்காம ஏன் மெட்ராஸ் போனாங்க? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க."

7.8.2023

தாத்தா சொன்னதில் பாதி சரி. மூன்று கடைகளின் கதை ஒன்றாகக் கலந்து கிடக்கிறது, பிரித்துச் சொல்கிறேன்.

ஆரெம்கேவி நம்ம ஊர்க் கடை, அதில் சந்தேகமே இல்லை. 1924-இல் விஸ்வநாத பிள்ளை திருநெல்வேலியில் தொடங்கியது. போத்தீஸ் அதற்கு ஒரு வயது மூத்தது. 1923-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் போத்தி மூப்பனார் தாம் நெய்த சேலை, வேட்டி, துண்டுகளைத் தாமே விற்க ஆரம்பித்தார். அவர் மகன் சடையாண்டி மூப்பனார் 1977-இல் அதைப் போத்தீஸ் என்ற கடையாக நிறுத்தினார். சரவணா ஸ்டோர்ஸ் வேறு வழி. செல்வரத்தினம், யோகரத்தினம், இராஜரத்தினம் என்ற அண்ணன் தம்பிகள் பணிக்கநாடார் குடியிருப்பிலிருந்து சென்னைக்குப் போய், 1970 வாக்கில் ரங்கநாதன் தெருவில் சின்னப் பாத்திரக்கடையாகத் தொடங்கினார்கள்.

ஆக, "ஊர்ல தொடங்காம" என்பது ஒருவருக்குத்தான் பொருந்தும். மற்ற இருவரும் தெற்கிலேயே வேர் பிடித்து, பல பத்தாண்டு கழித்துத்தான் தி.நகரில் கடை விரித்தார்கள். பட்டு வழியில் வந்தது ஒன்று, பாத்திர வழியில் வந்தது இன்னொன்று. இரண்டும் ஒரே தெருப்பக்கம் வந்து சேர்ந்ததால் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது.

நான் திருநெல்வேலி டவுன் ஜவுளிக்கடையில் மடிக்கிற பையனாகச் சேர்ந்து, அப்புறம் சென்னையில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்துத் திரும்பியவன். முதலாளிகளின் கதையைப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. தரையில் நின்றவர்களின் கதையை எங்கேயும் காணோம். இங்கே அதைத்தான் எழுதப் போகிறேன்.

8.8.2023

போத்தீஸ் விருதுநகர் மாவட்டம், சரவணா தூத்துக்குடி மாவட்டம், எப்படி நம்ம கணக்கில் சேர்ப்பீர்கள் என்று ஒரு அன்பர் கோபமாகக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986 அக்டோபரில். அந்த அண்ணன் தம்பிகள் ரயிலேறியபோது அது திருநெல்வேலி ஜில்லா. ஸ்ரீவில்லிபுத்தூர் 1910 வரை நம்ம ஜில்லாவில் இருந்து, அந்த வருடம் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது அங்கே போனது. 1923-க்கு அது அந்நிய ஜில்லாதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் துணி மூட்டை வந்து போகிற பாதைக்கு ஜில்லா எல்லை தெரியாது. 2019-இல் தென்காசியும் பிரிந்துவிட்டது. அதற்காகப் புளியங்குடிக்காரர் டவுனுக்கு வந்து ஜவுளி எடுப்பதை நிறுத்திவிட்டாரா?

"நெல்லைச் சீமை" என்று நான் எழுதினால் சிவகிரியிலிருந்து திருச்செந்தூர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

13.8.2023

பழைய கடை எப்படி இருக்கும் என்று ஒரு தம்பி கேட்டார். இதைக் கொஞ்சம் நின்று எழுத வேண்டும்.

நெல்லையப்பர் கோவிலைச் சுற்றி இருக்கிற ரத வீதிகளில் நீளவாக்கில், குகை மாதிரி உள்ளே போகும் கடைகள். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். உள்ளே மெத்தை போட்டு, அதன் மேல் வெள்ளை விரிப்பு. ஒரு ஓரத்தில் சாய்வு மேசை வைத்துக் கணக்குப்பிள்ளை, பக்கத்தில் கல்லாப்பெட்டி. சுவர் முழுக்க உத்தரம் வரைக்கும் தட்டுகள்.

வருகிற குடும்பம் விரிப்பில் உட்காரும். சேலை காட்டுகிற அண்ணாச்சியும் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். நான் ஏணியில். "ஏல, அரக்குக் கரை எடுத்துப் போடு" என்றால் மேலிருந்து போடுவேன், அவர் நிமிர்ந்து பார்க்காமல் பிடிப்பார். ஒரே உதறு. முந்தி ஒரு பக்கம், கரை ஒரு பக்கம், உடல் நடுவில், மூன்றும் ஒன்றாகக் கண்ணில் படும்படி சேலை விழும். இந்த உதறலைக் கற்றுக்கொள்ளவே பல வருடம் ஆகும். கைக்கு வந்தவர் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் மரியாதை.

நடுவில் கலர் வரும். இப்போதைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், கலர் என்றால் சோடா கம்பெனி பாட்டில் பானம். கல்யாண ஜவுளி என்றால் காலையில் உட்கார்ந்த கூட்டம் மத்தியானம்தான் எழும். அதுவரை விற்பவரும் உட்கார்ந்தேதான் இருப்பார். மரச்சட்டம் போட்ட மேசை, அதன் மேல் மீட்டர் கோல், மேசைக்குப் பின்னால் நின்றபடி விற்பது என்பதெல்லாம் பிட்டுத் துணிப் பக்கம் மட்டும். பட்டுச் சேலைப் பக்கம் உட்கார்ந்துதான்.

இந்த "உட்கார்ந்து" என்பதை நினைவில் வைத்திருங்கள். திரும்ப வருவேன்.

13.8.2023, இரவு

விட்டுப்போன ஒன்று. ஒவ்வொரு சேலையின் சீட்டிலும் விலைக்குப் பக்கத்தில் சில எழுத்துகள் பென்சிலில் இருக்கும். பத்து எழுத்து வருகிற, எழுத்து திரும்ப வராத ஒரு சொல்லைக் கடை வைத்திருக்கும். முதல் எழுத்து ஒன்று, இரண்டாம் எழுத்து இரண்டு, கடைசி எழுத்து சைபர். வாங்கின விலை அந்த எழுத்துகளில் இருக்கும். விற்பவர் அதை ஓரக்கண்ணால் பார்த்தால் எவ்வளவு தூரம் இறங்கலாம் என்று தெரிந்துவிடும். எங்கள் கடைச் சொல்லை இன்றைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்ல மாட்டேன். அந்தக் கடை மூடி ரொம்ப நாளாகிவிட்டது. ஆனாலும் நம்பிச் சொன்னது நம்பிச் சொன்னதுதான்.

ஒரே விலை என்ற பலகை வந்தபோது இந்த எழுத்துகளும் போயின. அதோடு விற்பவர் கையிலிருந்த ஒரு அதிகாரமும் போனது.

19.8.2023

வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு, அதாவது செடி மாதிரி புட்டா போட்ட நம்ம பக்கத்துச் சேலைக்கு, புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் போட்டிருக்கிறார்கள். மனசு நிறைந்தது.

நம்ம பக்கம் ஏன் ஜவுளி வியாபாரம் தழைத்தது என்பதற்கு வீரவநல்லூர் நல்ல தடயம். 1880-களில் ஹார்வி என்ற வெள்ளைக்காரச் சகோதரர்கள் பாபநாசத்துத் தண்ணீர் வேகத்தை வைத்து விக்கிரமசிங்கபுரத்தில் நூல் ஆலை போட்டார்கள். அடுத்துத் தூத்துக்குடியில் கோரல் மில். கரிசலில் பருத்தி, தாமிரபரணியில் ஆலை, வீரவநல்லூர், மேலப்பாளையம், கடையநல்லூர், புளியங்குடி என்று சுற்றிலும் தறி. வாங்கி விற்க டவுன் ரத வீதி. இத்தனையும் ஒரே சுற்றுவட்டாரத்துக்குள்.

1908-இல் கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். மார்ச் மாதம் அவர்களைக் கைது செய்ததும் திருநெல்வேலியே பற்றி எரிந்தது. அந்நியத் துணி வேண்டாம் என்று சொன்ன ஊர் இது. அதற்குப் பதினைந்து பதினாறு வருடத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் திருநெல்வேலியிலும் அடுத்தடுத்து இந்த இரண்டு கடைகள் முளைத்திருப்பதை நான் தனித்தனிச் சங்கதியாகப் பார்க்கவில்லை. உள்ளூர்த் துணியை நம்பிக் கடை வைக்கலாம் என்ற தைரியம் அந்தக் காலத்துக் காற்றில் இருந்தது. இது என் எண்ணம், சான்று காட்டச் சொன்னால் காட்ட முடியாது.

20.8.2023

கோ-ஆப்டெக்ஸை மறந்துவிட்டீர்களே என்று அக்கா ஒருவர் எழுதியிருக்கிறார். 1935-இல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் கூட்டுறவு அது. தீபாவளித் தள்ளுபடி என்ற பழக்கத்தை வாத்தியார் குடும்பங்களிடம் ஏற்படுத்தியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அக்கா சொன்ன மாதிரி, சம்பளத்தில் பிடித்துக்கொள்கிற கடன் வசதிக்காகவே பாளையங்கோட்டை வாத்தியார்கள் அங்கே போவார்கள். ஏணியும் உதறலும் அங்கே கிடையாது, ஆனால் துணி சுத்தம்.

2.9.2023

சரி, முதல் கேள்விக்கு வருவோம். ஏன் சென்னை? அதிலும் ஏன் ரங்கநாதன் தெரு?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அந்தத் தெரு ஒரு முனையில் உஸ்மான் சாலை, மறுமுனையில் மாம்பலம் ரயில் நிலையம். 1931-லேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரத்திலிருந்து சம்பளம் வாங்கிய கையோடு இறங்குகிற ஜனம் அந்தத் தெருவுக்குள் நுழைந்துதான் வெளியே போக வேண்டும். ஆளை வரவழைக்க வேண்டாம், வருகிற ஆளை நிறுத்தினால் போதும். பாத்திரக்கடை அங்கே பிழைத்ததற்கு இது முக்கியமான காரணம்.

அடுத்தது சரக்கு. கடனுக்கு எடுக்காமல் ரொக்கத்துக்கு எடு, மூட்டை மூட்டையாக எடு, கொஞ்ச லாபம் வை, வேகமாகத் தள்ளு. இந்த நான்கும் மளிகைக்கடை அண்ணாச்சிகளின் பழைய பாடம். பருப்பில் செய்ததை எவர்சில்வரில் செய்தார்கள், அப்புறம் சேலையில், அப்புறம் நகையில், அப்புறம் பிரிட்ஜில். ஒரே கூரைக் கடை என்பதை யாரும் வெளிநாட்டில் பார்த்துவிட்டு வந்து கட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. பாத்திரம் வாங்க வந்த அம்மா அடுத்து எங்கே போகிறாள் என்று பார்த்து, அந்தக் கடையையும் மாடியில் போட்டிருக்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். தென்மாவட்ட வியாபாரிகளுக்குச் சொந்தப் பழக்கம் இருந்தது. மகமை என்று வியாபாரத்தில் ஒரு பங்கு எடுத்துப் பொதுவில் வைப்பது, ஏலச்சீட்டு போடுவது. தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கி தொடங்கினார்கள், 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. மற்ற வங்கிகள் பலசரக்குக் கடைக்காரனை வாசலில் நிற்க வைத்த காலத்தில், தேரிக்காட்டுச் செம்மணல் பூமியிலிருந்து வந்தவனுக்குத் தன் ஊர்க்காரன் கையெழுத்தே ஜாமீன்.

மூன்றாவது காரணம் ஆள். இதுதான் என் விஷயம், தனியாக எழுதுகிறேன்.

3.9.2023

அதற்குள் ஒரு சின்ன விலகல். வசந்த் அண்ட் கோவை ஏன் சொல்லவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

அது துணிக்கடை இல்லை என்பதால்தான். ஆனால் பாடம் ஒன்றுதான். வசந்தகுமார் அகஸ்தீஸ்வரத்துக்காரர். வி.ஜி.பி.யில் விற்பனையாளராக இருந்து, 1978-இல் தனிக்கடை போட்டார். தவணையில் பொருள் கொடுப்பது என்ற வித்தையை வி.ஜி.பன்னீர்தாஸ் அண்ணாச்சி கடையில் பழகியவர். நாங்குநேரிக்கு எம்.எல்.ஏ.வாக இரண்டு முறை, பிறகு கன்னியாகுமரிக்கு எம்.பி., 2020 ஆகஸ்டில் கொரோனாவில் போனார். நின்று விற்றவர் கடை போட்ட கதைக்கு எல்லாரும் அவரைத்தான் சொல்வார்கள், சொல்லத்தான் வேண்டும். காமராஜர்கூடச் சின்ன வயதில் விருதுநகரில் மாமாவின் துணிக்கடையில் வேலை பார்த்தவர்தான்.

ஆனால் என்னோடு ஏணியில் நின்றவர்களில் கடை போட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்கூட நிறையாது. ஒருவர் உயர்ந்த கதையைச் சொல்லியே மற்றவர்களை அமைதியாக நிற்க வைத்துவிடுகிறோம்.

3.10.2023

ஆள் விஷயம். இதை எழுத ஒரு மாதம் தள்ளிப்போட்டேன்.

மழை பொய்த்த வருடம், பத்தாவது பரீட்சை முடிந்ததும், ஊருக்குள் ஒருவர் வருவார். அவரும் நம்ம ஊர்க்காரர்தான், கடையில் ஏற்கெனவே இருப்பவர். "சோறு உண்டு, தங்க இடம் உண்டு, மாசம் இவ்வளவு." சாத்தான்குளம், திசையன்விளை, நாங்குநேரி, ஆலங்குளம் பக்கமெல்லாம் இப்படிப் பிள்ளைகள் கிளம்பினார்கள். பெண் பிள்ளைகளும். ஊர்க்காரர் கூட்டிப்போகிறார் என்பதே தாய் தகப்பனுக்குத் தைரியம். வீட்டில் ஒரு வயிறு குறைந்தது, மணியார்டரில் ஒரு தொகை வந்தது, தங்கச்சிக்குக் கம்மல் ஆனது. இந்த வேலையால் பிழைத்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. அதை மறைத்துவிட்டுக் குறை மட்டும் சொன்னால் அது பொய்.

ஆனால் நான் சென்னையில் பார்த்த வேலை, டவுனில் கற்ற வேலை இல்லை.

டவுனில் சரக்குத் தெரிய வேண்டும். நூலைத் தடவி இது எத்தனாம் நம்பர் என்று சொல்ல வேண்டும். கல்யாணப் பெண்ணின் நிறத்தைப் பார்த்து எந்தக் கரையை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது என்று தெரிய வேண்டும். சென்னைக் கடையில் எல்லாம் திறந்த தட்டு. ஜனம் தானே எடுத்துப் பார்க்கும், தானே கலைக்கும். ரெடிமேட் வந்தபின் அளவும் சீட்டிலேயே இருக்கிறது. அப்புறம் எனக்கு என்ன வேலை? கலைத்ததை மடிப்பது. காணாமல் போகாமல் பார்ப்பது. மாடி ஏற வழி சொல்வது.

அதனால்தான் விரிப்பு போனது. விற்பவன் உட்கார்ந்து பேச வேண்டிய தேவை இல்லாமல் போனது. நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தால் போதும். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு கடை சாத்தும்வரை. சாப்பாட்டு நேரம் தவிர உட்கார இடமே கிடையாது, இடம் இருந்தாலும் உட்கார அனுமதி கிடையாது. பில் மேசையில் சாய்ந்து நின்றதற்கு எங்கள் கடையில் சம்பளத்தில் பிடித்தார்கள். கெண்டைக்கால் நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டு நிற்கும் பாருங்கள், என் வயது கடைக்காரர்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டினால் தெரியும். பெண் பிள்ளைகள் மாதாமாதம் வரும் அந்த நாட்களில் பட்ட பாட்டை நான் எழுதத் தகுதியில்லை, அவர்களில் யாராவது எழுத வேண்டும்.

பெரிய கடைகளின் வரலாறு என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். மாடி எத்தனை ஏறியது என்பது கட்டடத்தின் கணக்கு. உட்கார்ந்து விற்றவன் எப்போது எழுந்து நிற்க வேண்டியதாயிற்று என்பதுதான் கடையின் கணக்கு.

5.10.2023

"முதலாளிகள் மேல் உங்களுக்கு வன்மம்" என்று ஒருவர். இல்லை தம்பி. டவுனில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரும் முதலாளிதான். ஆனித் தேரோட்டத்து அன்று கடையைச் சாத்திவிட்டு எங்களையும் வடம் பிடிக்கக் கூட்டிப்போவார். மத்தியானம் எங்களோடு அதே இலையில் அதே சாம்பார். பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் செய்கிறேன். ஐம்பது பேர் வேலை செய்த கடையில் முகம் தெரியும். ஆயிரம் பேர் நிற்கிற கடையில் முதலாளி நல்லவராகவே இருந்தாலும் இடையில் ஐந்து அடுக்கு மேற்பார்வை இருக்கிறது. அங்கே சட்டம்தான் நிற்க வேண்டும், நல்ல மனசு மட்டும் போதாது.

9.11.2023

தீபாவளி வாரம். வடக்கு ரத வீதியில் நடக்க முடியவில்லை. வாகையடி முக்கில் போலீஸ் கயிறு கட்டிவிட்டார்கள். பேரப்பிள்ளைகளோடு போய்வந்தேன்.

கடைப் பிள்ளைகளுக்குத் தீபாவளி எப்படி என்று சொல்கிறேன். முந்தின இரவு விடிய விடியக் கடை. கடைசி வாடிக்கையாளர் போனதும் கலைந்த மலையை மடித்து அடுக்க வேண்டும். அப்புறம் கணக்கு, அப்புறம் போனஸ் கவர். பஸ் பிடித்து ஊர் போய்ச் சேரும்போது தெருவில் வெடிக் குப்பையைக் கூட்டிக்கொண்டிருப்பார்கள். ஊருக்கெல்லாம் புதுத்துணி எடுத்துக் கொடுத்தவன், எண்ணெய் தேய்க்காமல் படுத்துத் தூங்கிவிடுவான். எங்கள் அம்மா எனக்காக மறுநாள் தனியாக எண்ணெய் காய்ச்சுவாள். அந்த மறுநாள்தான் எங்கள் வீட்டில் தீபாவளி.

இந்த வாரம் கடைக்குப் போகிறவர்கள் முந்தின இரவு பன்னிரண்டு மணிக்குப் போகாதீர்கள். இரண்டு நாள் முன்னால் போங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

10.11.2023

ஜவுளிக்கு மஞ்சள்பையா கட்டைப்பையா என்று இங்கே சிலர் சண்டை போட்டிருக்கிறார்கள், ரசித்துப் படித்தேன். கல்யாண வீட்டுத் தாம்பூலத்துக்கு மஞ்சள்பை. ஜவுளிக்குக் கட்டைப்பை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கட்டைப்பையை ஊஞ்சல் கயிற்றில் மாட்டி, கடைப் பெயர் வெளியே தெரிகிற மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். வருகிறவர் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம், சேலை எங்கே எடுத்தது என்று. ரயிலில் பெட்டியைவிட அந்தப் பைதான் அதிகம் பயணம் செய்திருக்கும்.

27.12.2023

பத்து நாளாக இங்கே எட்டிப் பார்க்கவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும். 17, 18 தேதிகளில் பெய்தது மழையே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பக்கமெல்லாம் தாமிரபரணி. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் ஜனங்களோடு நின்றுவிட்டது.

என் தங்கை மகன் ஸ்ரீவைகுண்டத்தில் சின்ன ரெடிமேட் கடை வைத்திருக்கிறான். வழி திறந்ததும் போனேன். இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்திருந்தது. பொங்கலுக்கு எடுத்துப்போட்ட சரக்கு முழுக்கச் சேறு. பிளாஸ்டிக் கவரைக் கிழித்தால் உள்ளேயும் தண்ணீர். பள்ளிச் சட்டைகளை மொட்டைமாடியில் காயப்போட்டோம். வெள்ளைத் துணியில் ஆற்று வண்டல் ஒரு வரி விட்டிருக்கிறது, எத்தனை அலசினாலும் அந்த வரி போகவில்லை. பட்டன் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அதை வெட்டி எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான்.

பெரிய கடைக்குக் காப்பீடு உண்டு, அடுத்த கிளையிலிருந்து சரக்கு வரும், பத்து நாளில் விளக்குப் போட்டுவிடுவார்கள். இவனைப் போன்றவர்களுக்குச் சூரத் வியாபாரி கொடுத்த கடன் தவணை அப்படியே நிற்கிறது. சங்கிலிக் கடைகள் ஏன் வளர்கின்றன, தனிக் கடைகள் ஏன் குறைகின்றன என்று யாரோ முன்னால் கேட்டிருந்தார்கள். விலை, விளம்பரம் எல்லாம் காரணம்தான். ஒரு அடி விழுந்தால் எழுந்து நிற்க இன்னொரு கிளை இருக்கிறதா என்பதும் காரணம். இதை முன்பு நான் யோசித்ததே இல்லை.

ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் பொங்கல் துணியை இந்த ஒரு வருடம் உள்ளூரிலேயே எடுங்கள்.

14.1.2024

"உட்கார்ந்து" என்பதற்குத் திரும்ப வருவேன் என்று ஆகஸ்டில் எழுதியிருந்தேன்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். 1947-ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு. கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி செய்து கொடுக்க வேண்டும், வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். கேரளம் 2018-லேயே செய்தது. அங்கே கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் ஒன்றுகூடிப் போராடித்தான் அது வந்தது. அடுத்து நம்ம மாநிலம்.

செய்தியைப் படித்த அன்று பழைய கூட்டாளிகள் இரண்டு பேருக்குப் போன் போட்டேன். ஒருவர் அழுதுவிட்டார். இன்னொருவர், "நமக்கு எதுக்குடே இனிமே, நம்ம கால் போனது போனதுதான்" என்றார்.

இப்போது நிலைமை எப்படி? போகிற கடைகளில் எல்லாம் பார்க்கிறேன். சில இடத்தில் கவுண்டருக்குப் பின்னால் மடக்கு ஸ்டூல் இருக்கிறது, பிள்ளைகள் உட்காருகிறார்கள். சில இடத்தில் ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் துணி அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஒரு கடையில் கேட்டேன், "ஏம்மா உக்காரலியா?" "கேமரால பாப்பாங்க தாத்தா." பெயர் சொல்ல மாட்டேன், அந்தப் பிள்ளைக்கு வேலை போய்விடும்.

பட்டுப் பகுதிகளில் இன்றும் சில கடைகளில் விரிப்பு உண்டு. விற்பவர் உட்கார்ந்துதான் சேலையை விரிக்கிறார். விலை கூடின சரக்குக்கு உட்காரலாம், இருநூறு ரூபாய் சட்டைக்கு நிற்க வேண்டும் என்றால் அதில் என்ன நியாயம்?

15.1.2024

பொங்கல் வாழ்த்து. நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு கடை மேலாளர் தனியாக எழுதினார். கூட்டம் இருக்கும்போது உட்கார்ந்தால் வாடிக்கையாளர்களே புகார் சொல்கிறார்கள், "மரியாதை இல்லை" என்று. எங்களைத் திட்டுவதில் பாதியை அவர்களுக்கும் கொடுங்கள் என்கிறார். அவர் பக்கமும் உண்மை இருக்கிறது. நாம் தான் உட்கார்ந்துகொண்டு நின்றவனிடம் துணி கேட்டுப் பழகிவிட்டோம்.

4.2.2024

ஆரெம்கேவிக்கு இந்த வருடம் நூறு, போத்தீஸுக்குப் போன வருடமே நூறு நிறைந்துவிட்டது. மலர்கள் வரும், முதலாளிமார் படங்கள் வரும். வரட்டும், அவர்கள் உழைத்ததும் உண்மை.

எனக்கு வேறு ஒரு காரியம் ஆக வேண்டும். நெல்லைச் சீமையில் மூடிப்போன ஜவுளிக்கடைகளின் சிட்டைப் புத்தகம், சம்பள ரிஜிஸ்தர், விலைச்சீட்டு, கொள்முதல் நோட்டு யாரிடமாவது பரணில் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சம்பள ரிஜிஸ்தர் முக்கியம். அதில் எந்த ஊர்ப் பிள்ளை, எந்த வயதில் சேர்ந்தான், எதற்கெல்லாம் பிடித்தம் போட்டார்கள் என்று இருக்கும். டவுனில் நான் இருந்த கடையின் நோட்டு ஒன்று முதலாளியின் மருமகள் மூலமாகக் கைக்கு வந்திருக்கிறது. பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் பேசிப் பார்ப்பேன், அவர்கள் எடுத்துக்கொண்டால் சரி, இல்லையென்றால் கல்லூரி நூலகம்.

அப்புறம், கடையில் வேலை பார்த்த அக்காமார் யாராவது இதைப் படித்தால், நான் எழுத முடியாததை நீங்கள் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம், கடைப் பெயரும் வேண்டாம். எந்த வருடம், எந்த மாடி, எத்தனை மணிவரை என்று மட்டும் இருந்தால் போதும். இதே இடத்தில் கீழே சேர்த்துக்கொண்டே போகலாம்.